விரிப்பின் அந்த முனை

வலது மணிக்கட்டில் கிளம்புகிற வலி முழங்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு தோளுக்கு ஏறும். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும். பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு மடிக்கிறவளுக்கு மணிக்கட்டு தேய்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. செருப்பு தேய்கிற மாதிரி அதுவும் தேய்கிறது. செருப்பை மாற்றலாம்.

"சும்மா வெந்நீர்லயே முக்கிட்டு இருக்காத பூச்சி. முதல்ல வெந்நீர், அப்புறம் பச்சத் தண்ணி, மறுபடி வெந்நீர். மூணு தடவ மாத்து. கடைசியா பச்சத் தண்ணியில முடி. வலி குழம்பிப் போயிடும். எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கே தெரியாது."

இதைச் சொன்னவள் ஆராய்ச்சி அக்கா. ஆறு வருடம் எனக்கு எதிரில் நின்று விரிப்பின் அந்த முனையைப் பிடித்தவள். எதற்கெடுத்தாலும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பாள் என்பதால் அந்தப் பெயர். எனக்குப் பூச்சி என்று பெயர் வைத்தது அவள்தான். வாயில்லாப் பூச்சி என்று முழுசாகச் சொல்ல நேரமில்லை என்பாள்.

இப்போதும் காலையில் இரண்டு சட்டியில் தண்ணீர் வைத்து மாற்றி மாற்றிக் கையை முக்குகிறேன். வலி குழம்புவதில்லை. அதற்கு வழி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில். ஏழெட்டு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் அங்கேதான் வரும். கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரிலேயே பதினொரு சலவை இயந்திரங்கள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அந்தப் பக்கத்துக் கதவு வழியாக அழுக்குத் துணியைத் திணிப்பார்கள். வெந்து, அலசி, பிழிந்து முடிந்ததும் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து நாங்கள் எடுப்போம். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. கிருமி தாண்டக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆட்களும் தாண்டக் கூடாது. அழுக்குப் பக்கத்துக்கு வேறு வாசல், வேறு கழிவறை, வேறு நேரம். அவர்களுக்கு ஐந்து மணியிலிருந்து ஒரு மணி வரை. சுத்தப் பக்கத்தில் எங்களுக்கு ஏழிலிருந்து மூன்று. ஒரே கூரைக்குக் கீழே பத்து வருடம் இருந்தும் முகம் தெரியாத ஆட்கள் அங்கே உண்டு.

அழுக்குப் பக்கம் போக யாருக்கும் ஆசை கிடையாது. ரத்தம், சீழ், மலம். சில நாள் மடிப்புக்குள் ஊசி. ஒரு தடவை ஒரு பல் செட்டு. அது யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லையாம்.

எங்கள் வேலை உருளை இஸ்திரிக்கு இந்தப் புறம். உருளை துப்புகிற விரிப்பு கொதிக்கக் கொதிக்க வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, கையோடு கை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். அவள் முனையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பின் அடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி அருகில். மறுபடி தூரம். ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை பக்கத்தில் வருவோம். எண்ணூறு விரிப்பு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இருபது வருடத்தில் அத்தனை தடவை என் பக்கத்தில் வந்திருக்க மாட்டார்.

அவள் பேச்சு அந்த நடைக்கு ஏற்ற மாதிரி இருக்கும். அரசியலை எட்ட நின்று சத்தமாகச் சொல்வாள். வீட்டுக் குறிப்பைக் குனியும்போது சொல்வாள். சதி என்றால் மட்டும் பக்கத்தில் வந்து, என் கைமுட்டியில் அவள் கைமுட்டி இடிக்கும்போது, குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

"ரெண்டு கட்சிக்காரனும் மேடையில அடிச்சுக்குறான்ல? ரெண்டு பேர் சட்டையும் ஒரே கடையிலதான் வெளுக்குது. வெளுக்குறவன் என்கிட்ட சொன்னான். காலர்ல ஒரே மாதிரி அழுக்கு."

உதறல். நடை.

"குழாய்த் தண்ணியில மறதி மருந்து கலக்குறாங்க பூச்சி."

"சும்மா இருக்கா."

"பின்ன, போன தேர்தல்ல அவன் என்ன சொன்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"பாத்தியா!" என்று முனையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிவாள். "ரத்தக் கறைய வெந்நீர்ல போட்டியா நேத்து? உன் பாவாடையில பாத்தேன். வெந்நீர் பட்டா அது நூலோட கல்யாணம் பண்ணிக்கும், பிரிக்க முடியாது. பச்சத் தண்ணி, உப்பு. அவ்வளவுதான்."

வானிலை அறிக்கை வாசிக்கிறவனின் மச்சான் குடைக்கடை வைத்திருக்கிறான். நிலாவுக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், அதில் நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதற்குப் பார்க்க வேண்டும், நாம் என்ன பெரிய இதுவா என்று கேட்டால், "அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்பாள். இழுப்பறை சிக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய். ஜிப் சிக்கினால் பென்சில் முனையைத் தேய். நனைந்த ஷூவுக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணி. "அதுல வர்ற சேதிக்கு அதுதான் சரியான இடம்."

அவள் சொன்ன சதிகளில் ஒன்றுகூட உண்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டுக்குச் சொன்னதைத் தவிர, குறிப்புகளில் ஒன்றுகூடப் பொய்யாக இருந்ததில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில், ஒரே உறுதியோடு வரும். அதுதான் தொந்தரவு.

ஒரு தடவை புது உத்தரவு வந்தது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் போடக் கூடாது, துணியில் மாட்டுகிறது என்றார்கள். போனை ஏற்கெனவே வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். என் மோதிரம் வீங்கின விரலில் மாட்டிக்கொண்டது. சோப்பு போட்டு இழுத்து விரல் சிவந்துபோனது. வெட்டி எடுத்துவிடலாம் என்று பாய்லர்காரர் குறடோடு வந்தார். அக்கா அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தையல் நூலை மோதிரத்துக்கு அடியில் விட்டு, மேலே விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றினாள். அடியிலிருந்த நுனியைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் நூலின் மேலேறி நகர்ந்து வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

"குறடு கொண்டு வந்துட்டாரு பெரிய டாக்டரு" என்றாள். பாய்லர்காரர் அதற்கப்புறம் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை.

அதே மாதம் சுவர்க் கடிகாரத்தை வெள்ளையடிக்கக் கழற்றினார்கள். வெள்ளையடித்து முடிந்தது. கடிகாரம் திரும்பி வரவில்லை. இனிமேல் நேரம் என்றால் கட்டைவிரல் வைக்கிற இயந்திரத்தில் தெரிவதுதான். ஒரு மாதத்தில் மூன்று தடவை தாமதம் என்று அது சொன்னால், சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு மாற்றம். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. போனவர்கள் திரும்பி வந்தும் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தாமதம் விழுந்தது. இரண்டு தடவையும் மூன்றே நிமிடம்.

"பூச்சி, நான் வாசல்ல போனைக் குடுக்கும்போது ஆறு அம்பத்தெட்டு. விரல் வைக்குறதுக்குள்ள ஏழு மூணு ஆயிடுது. வாசல்லருந்து இங்க வர அஞ்சு நிமிஷமா? நான் என்ன ஆமையா?" அவள் கைமுட்டி என் கைமுட்டியில் இடித்தது. குரல் தாழ்ந்தது. "கடிகாரத்துல கை வச்சிருக்காங்க."

நிலாக் கண்ணாடியைச் சொன்ன அதே குரல். நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் செத்துப்போன கணவனின் சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தை, பட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். "அந்த மனுஷன் ஒரு நாள் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. கடிகாரம் மட்டும் சரியா ஓடும்." தினமும் வாசலில் போனைக் கொடுக்கும் முன்பு அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வாள். இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பாள். விரல் வைக்கும்போது இடது கையை லேசாக விரிப்பாள். நான் உள்ளங்கையில் கடிகாரத்தைப் பார்ப்பேன், நிமிர்ந்து திரையைப் பார்ப்பேன்.

காலையில் இயந்திரம் நாலு நிமிடம் முந்தியிருந்தது. மூன்று மணிக்குப் போகும்போது மூன்று நிமிடம் பிந்தியிருந்தது. மறுநாள் காலையில் மறுபடி நாலு முந்தல்.

"தானா முந்துற கடிகாரம் தானா பிந்தாது" என்றாள். "சாப்பாட்டு நேரத்துல யாரோ கை வைக்குறான். சாயங்காலம் நம்மளப் பிடிச்சு வச்சிட்டு, நாம போனப்புறம் திரும்ப மாத்துறான்."

ஒன்பது நாள் பார்த்தோம். ஒன்பது நாளும் அதேதான். துணிக்கு அடையாளம் போடுகிற பேனாவால் ஒரு கிழிந்த தலையணை உறைத் துண்டில் தேதியும் நிமிடமும் எழுதினாள். அந்த மை கொதிநீரில் வெந்தாலும் போகாது. பார்த்தது அவள், நான். வேறு யாரும் இல்லை.

அன்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். வேன் ஓட்டிவிட்டு வந்து காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்திருந்தார்.

"நீ எதுக்கு அதுல தலைய குடுக்குற? நாலு நிமிஷம்தானே. சீக்கிரம் எழுந்திரு."

"அக்காவுக்கு இன்னும் ஒண்ணு விழுந்தா அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க."

"உன்னையும் சேத்து அனுப்பணுமா?"

நான் மெழுகுவர்த்தி எடுத்து இழுப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது சிக்காமல்தான் இருந்தது.

பத்தாம் நாள் அவளுக்கு மூன்றாவது தாமதம் விழுந்தது. அவள் நேராக சூப்பர்வைசர் மேசைக்குப் போனாள். துணித் துண்டையும் கைக்கடிகாரத்தையும் மேசையில் வைத்தாள். அங்கே பாய்லர்காரர் ஏதோ கையெழுத்து வாங்க நின்றிருந்தார். ஆபீஸ் கிளார்க் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போய் நின்றேன். கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசுவார். துணித் துண்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உட்காருங்கம்மா. நிலாவுக்குப் பின்னால கண்ணாடி இருக்குன்னு சொன்னீங்களாமே?"

அக்கா உட்காரவில்லை. "ஆமா, சொன்னேன்."

"தண்ணியில மறதி மருந்து?"

"அதுவும் சொன்னேன். அது வேற, இது வேற."

"குடைக்கடை மச்சான்?" என்று பாய்லர்காரர் எடுத்துக் கொடுத்தார். கிளார்க் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது என்பது பொய். நான் சிரித்தேன்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் மெதுவானது. "நீங்க இவங்களுக்கு எதிர்ல நிக்குறவங்க. நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்களா?"

அவருக்குப் பின்னால் சுவர். சுவருக்குள் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் யாரோ ஒரு கதவை அடித்து மூடினார்கள். நான் ஊசியை நினைத்தேன். என் மணிக்கட்டை நினைத்தேன். கிறுக்கச்சியோடு சேர்ந்த இன்னொரு கிறுக்கச்சி என்று இவர்கள் என்னைச் சொல்வதை நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது, மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

"அக்கா எதையாவது சொல்லிட்டே இருப்பாங்க சார். நான் கவனிக்கிறதில்ல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மடிப்பு கோணலாகிவிட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். பிரித்து உதறு, மறுபடி மடிக்கலாம் என்கிற பார்வை. அதையே பார்த்தாள். நான் குனிந்து கையிலிருந்த தலையணை உறையை மடித்தேன். நாலாக மடித்தேன். எட்டாக மடித்தேன். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

கைக்கடிகாரம் கொண்டு வந்ததற்குத் தனியாக ஒரு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து அவள் ஐந்து மணிக்காரி. சுவருக்கு அந்தப் பக்கம்.

எனக்கு எதிரில் புதிதாக ஒருத்தி வந்தாள். என் வயதுதான், நல்லவள்தான். மடிக்க மடிக்க உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள். எண்ணூறு வரை எண்ணுவாள். நடுவில் ஏதாவது கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், முகத்தைச் சுளிப்பாள். அவள் பக்கத்தில் வரும்போது கைமுட்டி இடிக்காமல் பார்த்துக்கொள்வாள். சுத்தமான வேலை. நேரம் மட்டும் போகவே போகாது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் வீட்டில் தொடுகிற எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். குழாய் சொட்டினால், அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் திருப்பிப் போடு என்று அவள். பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால், ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகு என்று அவள். டிவியில் ஒரு அரசியல்வாதி கை கூப்பினால், என் கண் தானாக அவன் காலருக்குப் போனது. வெளியே நிலா தெரிந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது அதற்குக் கை காட்டினேன். ஐம்பது வயதில்.

போன் எண் இருந்தது. விரல் அதில் போய் நிற்கும். என்ன சொல்வது? வேறு என்னவெல்லாமோ சொல்லலாம், எதைச் சொன்னாலும் அதைச் சொல்லாமல் விட்ட மாதிரிதான் இருக்கும். திரையை அணைத்துவிடுவேன்.

பதினோராவது நாள், ஆறாம் எண் இயந்திரத்திலிருந்து துணி எடுக்கும்போது ஒரு தலையணை உறையின் மூலையில் முடிச்சு இருந்தது. இரட்டை முடிச்சு, காதை இழுத்தால் சட்டென்று அவிழ்கிற மாதிரி. அப்படி முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான். உள்ளே ஒரு துணித் துண்டு. கொதிநீரில் வெந்து, பிழிந்து, இன்னும் சூடாக இருந்தது. எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

"இங்க கையுறை ஒரே சைஸ்தான். கையுறை கம்பெனி முதலாளிக்குப் பெரிய கை போல."

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாலு தடவை படித்தேன். உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு வந்து வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று வந்தன.

"மந்திரி வந்தான்ல நேத்து? உங்க பக்கம்தான் காட்டிருப்பாங்க. இங்க எட்டிக்கூடப் பாக்கல. மூக்கு இருக்கவனுக்கு அரசியல் வராது."

"சுண்ணாம்பு படிஞ்ச கெட்டிலுக்கு வினிகர் ஊத்தி ஒரு கொதி விடு. போன வருஷம் கேட்டியே, அப்ப ஞாபகம் வரல."

"ஆஸ்பத்திரிக்காரன் வேணும்னே தையல் பிரிஞ்ச ஷீட்டா வாங்குறான். அதுல ஒரு கணக்கு இருக்கு. கண்டுபிடிச்சதும் எழுதுறேன்."

"மணிக்கட்டு எப்படி? மூணு தடவ மாத்துறியா?"

எந்தத் துண்டிலும் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டிய துண்டு ஒன்றாவது வருமா என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். அவள் பாட்டுக்கு விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் பதில் எழுத முடியாது. துணி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்தான் வரும். இங்கிருந்து போவது லாரிக்கு, லாரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு. நான் ஒரு துண்டை முடிந்து அனுப்பினால் அது ஏதோ ஒரு நோயாளியின் தலைக்கு அடியில் போய்ச் சேரும்.

பிறகு துண்டு வருவது நின்றுபோனது. ஒரு வாரம். இரண்டு வாரம். ஒவ்வொரு தலையணை உறையின் மூலையாகத் தடவிப் பார்த்தேன். எண்ணுகிறவள், "வேலை தேங்குது" என்றாள். எனக்கு ஊசிதான் நினைவில் ஓடியது. மடிப்புக்குள் ஊசி, பெரிய கையுறை, நழுவுகிற விரல். மூன்றாவது வாரம் எனக்கு விடுப்பு நாள் வந்ததும், ஒரு மணிக்கு அழுக்குப் பக்கத்து வாசலில் போய் நின்றேன்.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு கையையும் முதலில் பார்த்தேன். பத்து விரலும் கட்டு இல்லாமல் இருந்தன.

"என்னடி பூச்சி, இந்த வாசல்ல நிக்குற? வழி தப்பிட்டியா?"

"துண்டு வரல. என்னவோ ஏதோன்னு..."

"பேனா தீந்துபோச்சுடி. புதுசு கேட்டா எதுக்குன்னு கேக்குறான். என்னன்னு சொல்றது, தபாலாபீஸ் நடத்துறேன்னா?"

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து முகம் துடைக்கிற ஒரு ஈரத் துண்டை எடுத்து உதறினாள். என் இரண்டு கையும் தானாக எழுந்து எதிர் முனைக்குப் போயின.

"துண்டுடி இது" என்றாள். "ஒருத்தியே மடிக்கலாம்."

ஆனாலும் முனையை விடவில்லை. மடித்தோம். சின்னத் துண்டு, இரண்டே எட்டு. அவள் கைமுட்டி என் கைமுட்டியில் இடித்தது. மருந்து நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்துக்கு என்ன குறிப்பு என்று நான் கேட்கவில்லை. இருந்திருந்தால் அவளே போக்கியிருப்பாள்.

பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் கட்டணத்தை ஏற்றப் போவது அவளுக்கு முன்பே தெரியுமாம். எப்படி என்றால், டிரைவர்கள் பத்து நாளாகச் சிரித்த முகத்தோடு ஓட்டுகிறார்களாம். ஒரு பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை. அடுத்ததும் போனது.

"அக்கா" என்றேன். "நான் பாத்தேன். நாலு நிமிஷம். ஒன்பது நாளும் பாத்தேன்."

அவள் துண்டைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். அது சிக்காமல் மூடியது.

"எனக்குத் தெரியாதாடி? நீ பாத்தத நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"அன்னிக்கு வாய் வரலக்கா. மன்னிச்சு..."

"அத என்கிட்ட குடுத்து நான் என்ன பண்றது?" அவள் குரலில் காரம் இல்லை. குனியும்போது சொல்கிற குறிப்பு மாதிரியே சொன்னாள். "கறை எங்க பட்டுச்சோ அங்கதான் தேய்க்கணும். அந்த மேசைக்கு முன்னால சொல்லு. அந்த மூணு பேரும் இருக்கும்போது சொல்லு. நான் நூறு சொல்லிட்டேன் பூச்சி, தொண்ணூத்தொம்பது புளுகா இருக்கலாம். ஒண்ணு சரின்னு ஒருத்தி சொல்லணும்ல?"

மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில் வாசலில் போனைக் கொடுக்கும்போது பார்த்தேன். ஆறு ஐம்பத்தைந்து. விடுவிடுவென்று நடந்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே போய் விரல் வைத்தேன். நூற்று இருபது எண்ணினேன். இரண்டு நிமிடம். திரையில் ஏழு ஒன்று. அதே நாலு நிமிடம் இன்னும் அங்கேயே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மேசைக்குப் போனேன். சூப்பர்வைசர் இருந்தார். கிளார்க் இருந்தார். பாய்லர்காரர் வாசலில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மூன்று பேரும் இருந்தார்கள். இதைவிட வசதியாக எனக்கு யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது.

"என்னம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு அடித்து மூடியது.

"மணிக்கட்டு வலிக்குது சார்."

அவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு மணிக்கட்டுப் பட்டை எடுத்தார். புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. "முன்னமே கேட்டிருக்கலாமேம்மா. கூச்சப்படாதீங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

பட்டை நல்ல பட்டை. வலி பாதி குறைந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

வெளியே போகும்போது அடையாளப் பேனா ஒன்றை மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினேன். என் வாழ்க்கையில் நான் திருடின முதல் பொருள் அதுதான். மூன்று மணிக்குச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து வாசல் காவலாளியிடம் கொடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொன்னேன். யார் கொடுத்தது என்று சொல்ல என்று கேட்டார். அவளுக்குத் தெரியும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஆறாம் எண் இயந்திரத்தில் ஒரு முடிச்சு வந்தது. கழிவறைக்குப் போகப் பொறுமையில்லாமல் அங்கேயே அவிழ்த்தேன். சூட்டில் விரல் சுட்டது.

"பேனா வந்துச்சு. இன்னொண்ணு வரல."

அதற்கு அடியில், கொஞ்சம் இடம் விட்டு: "பட்டைய ராத்திரி கழட்டி வை. இல்லன்னா கை மரத்துப் போகும்."

பட்டை கட்டியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பாய்லர்காரர் சொல்லியிருப்பார். அல்லது நிலாக் கண்ணாடி. துண்டை மடித்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு உருளைக்குத் திரும்பினேன். எண்ணுகிறவள் நானூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தாள். முனையைப் பிடித்தேன், உதறினோம், நடந்தோம்.

அந்தத் துண்டு வந்து இன்றோடு நாற்பத்தோரு நாள். இயந்திரம் காலையில் நாலு நிமிடம் முந்துகிறது, மூன்று மணிக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. மேசை அங்கேயே இருக்கிறது. அந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி, "அக்கா சொன்னது சரி, நானும் பார்த்தேன்" என்று நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அவளுக்கு நான் இன்னும் கொடுக்கவில்லை.